மான் தொடாத செடிகள்: நியூ ஜெர்சி வீட்டு முற்றத்தில் எதை நடலாம், எதை விடலாம்?

நேற்று மாலை விரியக் காத்திருந்த மொட்டுகள் இன்று காலையில் காணாமற்போய்த் தண்டு மட்டும் நிற்கும்போது, முதலில் குனிந்து அந்தத் தண்டின் நுனியைப் பார்க்க வேண்டும். கத்தியால் சாய்வாக நறுக்கியதுபோல் வெட்டு மழுமழுவென்று இருந்தால் அது முயல் தின்றது. நார் தெரியக் கிழிந்து, பிய்த்து இழுத்ததுபோல் இருந்தால் அது மான் தின்றது. வெள்ளைவால் மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையா. கீழ்ப்பற்களுக்கும் மேலே இருக்கும் கெட்டியான ஈறுக்கும் நடுவில் இலையைப் பற்றி இழுத்தே அது தின்கிறது. உயரமும் ஓர் அடையாளம்: தரையிலிருந்து ஏறக்குறைய ஆறடி வரை இலைகள் மொட்டையடிக்கப்பட்டு, அதற்கு மேல் மட்டும் பச்சை தழைத்திருக்கும் மரத்தைக் கண்டால், அந்தத் தெருவில் மான்கள் நாள்தோறும் நடமாடுகின்றன என்று உறுதியாகச் சொல்லலாம். இதை அறியாமல் முதல் இரண்டு ஆண்டுகள் முயல் செய்த சேதத்தையும் மானின் கணக்கிலேயே எழுதி, நல்ல செடிகள் சிலவற்றை நானே பிடுங்கிப் போட்டேன்.

மத்திய நியூ ஜெர்சியில், பின்புறம் ஒரு சிறு காட்டை ஒட்டியிருக்கும் கால் ஏக்கர் மனையில் பதினோரு ஆண்டுகளாகத் தோட்டம் வைத்திருக்கிறேன். இந்தப் பகுதியில் புதிதாக வீடு வாங்கும் நம்மவர்கள் பலரும் முதல் வசந்தத்திலேயே டூலிப்பும் ஹோஸ்டாவும் ரோஜாவும் வாங்கி நட்டு, ஒரே மாதத்தில் மனம் உடைந்துபோவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மாநிலத்தில் மான்கள் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தன. பின்னர் வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. மான்கள் வெளியிலிருந்து கொண்டுவந்தும் விடப்பட்டன. அவற்றைத் தின்ன ஓநாயோ மலைச்சிங்கமோ இல்லாத நிலத்தில் காட்டோரமும் புல்வெளியும் மாறி மாறி வரும் புறநகர்கள் பெருகின. மானுக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. வளர்ந்த மான் ஒன்று நாளொன்றுக்கு இரண்டு மூன்று கிலோ தழை தின்னும். அதில் ஒரு பங்கு நம் வாசலிலிருந்து போகிறது.

செடியைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு வழிகள் இல்லையா என்று கேட்டால், இரண்டு உண்டு. ஒன்று வேலி. எட்டடி உயர வேலி மானை உண்மையாகவே தடுக்கும், ஆறடி வேலியை அது நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும். பின்புறக் காய்கறிப் பாத்திக்கு வேலிதான் சரி. வெண்டைக்கும் அவரைக்கும் மான் ஒதுக்கும் வகை என்று எதுவும் கிடையாது. ஆனால் வீட்டின் முன்புறத்தில் அவ்வளவு உயரமாக வேலி எழுப்பப் பல ஊர்களின் விதிகள் இடம் தருவதில்லை. தந்தாலும் சிறைபோன்ற அந்த வாசலை யாரும் விரும்பப்போவதில்லை. இரண்டாவது வழி, அழுகிய முட்டையின் மணமுள்ள விரட்டி மருந்தைத் தெளிப்பது. அது வேலை செய்கிறது. ஆனால் தெளித்த பிறகு துளிர்த்த இலையில் மருந்து இருக்காது, கனமழைக்குப் பின் பழைய இலையிலும் இருக்காது. மாதம் ஒருமுறையாவது தவறாமல் தெளிக்க வேண்டும். இந்தியாவுக்கு மூன்று வாரம் போய்வந்தால் அந்த ஆண்டின் உழைப்பு போயிற்று. ஆகவே முன்வாசலுக்குச் செடித் தேர்வே முதல் வழி, மருந்து அதற்குத் துணை என்பது என் முடிவு.

செடிகளைத் தேர்ந்தெடுக்க நம்பத்தக்க முதல் கருவி, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு வெளியிட்டிருக்கும் தரவரிசைப் பட்டியல். அது செடிகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: அரிதாகவே சேதமாகுபவை, கடுமையாகச் சேதமாவது குறைவானவை, சில வேளைகளில் கடுமையாகச் சேதமாகுபவை, அடிக்கடி கடுமையாகச் சேதமாகுபவை. மான் ஒருபோதும் தின்னாதவை என்று ஐந்தாவதாக ஒரு நிலையை அவர்கள் வைக்கவில்லை. நர்சரியில் செடித்தொட்டியின் அட்டையில் மான் படம் போட்டுக் குறுக்கே கோடு கிழித்திருப்பதை இந்த நான்கு நிலைகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது; முதல் நிலைச் செடிக்கும் மூன்றாம் நிலைச் செடிக்கும் அதே படத்தைப் போட்டிருப்பதை நானே கண்டிருக்கிறேன்.

ஆனால் பட்டியலும் ஒன்றைச் சொல்வதில்லை: மான் அந்தச் செடியை ஏன் ஒதுக்குகிறது என்பதை. என் பார்வையில் அந்தக் காரணம்தான் தேர்வின் உயிர்நாடி, ஏனெனில் அந்தக் காரணத்தைப் பொறுத்தே செடி எப்போது கைவிடும், எந்த வீட்டுக்குப் பொருந்தாது என்பதெல்லாம் அமைகின்றன. இது நமக்குப் புதிய சிந்தனையும் அன்று. ஆடு தொடாத இலை என்பதால்தான் ஆடாதோடைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஆடுதின்னாப்பாளை என்று இன்னொரு செடியின் பெயரே வெளிப்படையாகச் சொல்கிறது. மேய்ச்சல் விலங்கு ஒதுக்குவதை வைத்தே செடிக்குப் பெயரிட்டவர்கள், அவற்றின் கசப்பையும் நஞ்சையும் மணத்தையும் நன்றாகத் தெரிந்தே இருந்தார்கள். நியூ ஜெர்சியின் செடிகளையும் அதே கண்ணால் பார்த்தால் அவை பெரும்பாலும் மூன்று கூட்டமாகப் பிரியும்: நஞ்சால் தப்புபவை, மணத்தால் தப்புபவை, இலையின் தன்மையால் தப்புபவை.

நஞ்சால் தப்புபவற்றில் முதலிடம் டாஃபடிலுக்கு. அதன் கிழங்கிலும் இலையிலும் லைகோரின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், மான் மட்டுமன்று, டூலிப் கிழங்குகளைத் தோண்டித் தின்னும் அணிலும் அதைத் தொடாது. நான் வந்த முதல் ஆண்டில் முப்பது டூலிப்பும் முப்பது டாஃபடிலும் ஒரே பாத்தியில் நட்டேன். டூலிப்பில் ஒன்றுகூடப் பூத்துப் பார்க்கவில்லை. அந்த டாஃபடில்களோ இன்று பெருகித் திட்டுத் திட்டாக நிற்கின்றன. வசந்தத்தில் நிறம் வேண்டும், ஆனால் பராமரிக்க நேரமில்லை என்பவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் தயக்கமே வேண்டியதில்லை. அக்டோபரிலோ நவம்பரிலோ கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்தில் நட வேண்டும். பூ முடிந்த பிறகு இலை தானாகப் பழுக்கும் வரை வெட்டாமல் விட வேண்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: நடுவதற்காக வாங்கிய கிழங்குகளைச் சமையலறையிலோ வெங்காயக் கூடைக்கு அருகிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். பார்வைக்கு வெங்காயம்போலவே இருக்கும் அவற்றைத் தவறாகச் சமைத்து நோயுற்றவர்கள் உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இதை வாய்விட்டுச் சொல்லி வைப்பது நல்லது.

நிழலான இடத்துக்கு ஹெலபோர். பனி முழுதும் கரைவதற்கு முன்பே, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, தலைகுனிந்த மங்கலான ஊதாவும் வெள்ளையுமான பூக்களோடு அது எழும். அந்த நேரத்தில் மான் பசியின் உச்சத்தில் இருக்கிறது, காட்டில் தின்ன எதுவும் இல்லை; அப்படியிருந்தும் என் வீட்டு ஹெலபோர்களைப் பதினோரு ஆண்டில் ஒருமுறைகூட அது கடித்ததில்லை. தோல்போன்ற தடித்த இலையும் அதிலுள்ள நஞ்சும் சேர்ந்து காக்கின்றன. ஹோஸ்டா நடும் இடத்திலெல்லாம் ஹெலபோர் நடலாம் என்பதே என் பரிந்துரை. ஹோஸ்டாவின் அகன்ற இலையழகு இதில் முழுதும் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜூன் மாதத்தில் மான் தின்றுபோன ஹோஸ்டாவில் இலை இருக்காது, வெறும் காம்புகள்தான் இருக்கும்.

ஃபாக்ஸ்குளோவ் வேறு விதம். இதய நோய்க்குத் தரப்படும் டிஜாக்சின் மருந்து இந்தச் செடியின் இனத்திலிருந்து வந்தது. 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் இதன் பயனையும் அளவு மிஞ்சினால் விளையும் கேட்டையும் பதிவு செய்தார். நிமிர்ந்த தண்டில் மணிமணியாகத் தொங்கும் அதன் பூவுக்கு நிகராக மே மாதத் தோட்டத்தில் வேறொன்று இல்லை. ஆயினும் செடி முழுவதும் நஞ்சு. இலையைப் பறித்து வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் நான் இதை நட மாட்டேன், பிறரையும் நடச் சொல்ல மாட்டேன். இலையுதிர் காலத்தில் பூக்கும் கொல்ச்சிகத்துக்கும் இதுவே என் பதில். அதிலிருக்கும் கொல்ச்சிசின் நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கும் அதே நஞ்சு, இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. செங்காந்தளை வீட்டு முற்றத்தில் வைக்கத் தயங்கும் எச்சரிக்கையே இங்கும் பொருந்தும். நஞ்சின் வழியே போக வேண்டும், ஆனால் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்றால், அந்தக் கூட்டத்தில் டாஃபடிலோடு நிறுத்திக்கொண்டு மற்ற இடங்களைப் பியோனியால் நிரப்பலாம். மே கடைசியில் கைப்பிடி அளவுக்குப் பூக்கும் பியோனியை மான் பெரும்பாலும் ஒதுக்குகிறது. அது ஒரே இடத்தில் பல பத்தாண்டுகள் வாழும்.

நஞ்சை நம்பித் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நமக்கு நஞ்சு என்பதெல்லாம் மானுக்கும் நஞ்சு என்று எண்ணிவிடக் கூடாது. யூ என்னும் ஊசியிலைப் புதர் இதற்கு மிகச் சிறந்த சான்று. மனிதரையும் குதிரையையும் மாட்டையும் கொல்லும் அளவுக்கு அதன் இலையில் நஞ்சு உண்டு. வெள்ளைவால் மானோ குளிர்காலம் முழுவதும் அதை ஆவலோடு தின்று, புதரை விறகுக்குச்சிகளாக்கிவிட்டுப் போகும். அசேலியாவும் அப்படித்தான்: நஞ்சுள்ள இலை, ஆனால் மானின் விருப்ப உணவு. இந்த இரண்டும் ரட்கர்ஸ் பட்டியலில் எங்கே இருக்கின்றன என்று பார்க்காமல் நஞ்சுள்ளது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

மணத்தால் தப்புபவற்றையே நான் பெரிதும் நம்புகிறேன். மான் மூக்கால் வாழும் விலங்கு. தின்னலாமா என்பதை அது முதலில் மோந்துதான் முடிவு செய்கிறது. எண்ணெய்ச் சத்துள்ள இலை வெயிலில் மணம் வீசும்போது அதைக் கடிக்க வேண்டிய தேவையே அதற்கு இல்லாமல் போகிறது. குழந்தைக்கு இந்தக் கூட்டத்தால் வரும் ஆபத்து மிகக் குறைவு. தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் இதைத் தேடி வருகின்றன. குறை என்று சொன்னால், இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும் என்பது ஒன்று. சிலவற்றுக்கு நம் மண் ஒத்துவராது என்பது மற்றொன்று.

அந்த இரண்டாவது குறையில்தான் லாவெண்டர் தோற்கிறது. எல்லாரும் முதலில் கேட்பது லாவெண்டரைத்தான், அதன் மணத்தையும் நிறத்தையும் நினைத்தால் கேட்பதும் நியாயம்தான். மான் அதைத் தொடாது, உண்மை. ஆனால் மத்திய நியூ ஜெர்சியில் பல இடங்களில் மண் செந்நிறக் களிமண். குளிர்காலத்து ஈரம் அதில் தேங்கி நிற்கும். மத்தியதரைக் கடலோரத்தின் வறண்ட சரளை மண்ணில் பிறந்த லாவெண்டர் குளிரால் சாவதைவிட ஈரத்தில் வேரழுகிச் சாவதே இங்கு அதிகம். மூன்று குளிர்காலங்களில் பதினான்கு செடிகளை இழந்த பிறகு, பாத்தியை ஓரடி உயர்த்திச் சரளை கலந்த பின்தான் என்னிடம் நான்கு செடிகள் நிலைத்தன. அந்த உழைப்புக்கு ஆயத்தமில்லாதவர்களுக்குக் கேட்மிண்ட்தான் சரியான மாற்று. தூரத்திலிருந்து பார்த்தால் அதே ஊதா, அதே சாம்பல் பச்சை. களிமண்ணையும் ஓரளவு தாங்கும். வாக்கர்ஸ் லோ என்னும் வகை 2007ஆம் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாக அமெரிக்கப் பல்லாண்டுச் செடிச் சங்கத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தப் பெருமைக்கு அது முழுவதும் தகுதியானது. மே மாதம் பூத்து முடிந்தவுடன் பாதியாக வெட்டிவிட்டால் சில வாரங்களில் மறுபடி பூக்கும். லாவெண்டரா கேட்மிண்டா என்று யாராவது என்னிடம் கேட்டால், மண் எப்படி என்று மட்டும் திருப்பிக் கேட்பேன். களிமண் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கேட்மிண்ட் ஓயும் ஜூலையில் ரஷ்யன் சேஜ் தொடங்கும், மூன்று நான்கடி உயரத்துக்கு நீலப் புகை படர்ந்ததுபோல் செப்டம்பர் வரை நிற்கும். அதோடு மில்லேனியம் என்னும் அல்லியம் வகையைச் சேர்த்தால், வெங்காய மணமுள்ள இலையும் ஆகஸ்டில் உருண்டை உருண்டையாக இளஞ்சிவப்புப் பூவும் கிடைக்கும். இவை மூன்றும் ஒரு வெயில் பாத்தியை வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை நிரப்பப் போதும். ஆனால் ஒரே ஒரு மணச்செடிக்குத்தான் இடம் உண்டு என்றால், நான் இந்த மூன்றையும் விட்டு மௌண்டன் மிண்ட்டை நடுவேன். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே உரிய செடி அது. இலையைக் கசக்கினால் புதினாவும் துளசியும் கலந்ததுபோன்ற மணம் வரும். மேல் இலைகள் வெள்ளி பூசியதுபோல் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அதன்மேல் மொய்க்கும் தேனீ, குளவி, வண்ணத்துப்பூச்சி வகைகளை எண்ணிப் பார்க்க என் மகள் ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருந்தாள். மான் அதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. புதினாவைப் போலவே அதுவும் பரவும் என்பதால், ஆண்டுக்கொருமுறை வசந்தத்தில் ஓரத்தை மண்வெட்டியால் வெட்டிவிட வேண்டும், அவ்வளவே.

இலையின் தன்மையால் தப்புபவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டுக்குட்டியின் காதைப் போல மெத்தென்று மயிர் அடர்ந்த லாம்ப்ஸ் இயர், சொரசொரப்பான அலங்காரப் புற்கள், பெரணிகள் ஆகியவை இதில் அடங்கும். இவை பாத்தியின் ஓரத்துக்கும் பின்னணிக்கும் நல்லவை, பூவுக்காக நடப்படுபவை அல்ல. பெரணிகளை மான் எவ்வளவு ஒதுக்குகிறது என்பதற்குப் பென்சில்வேனியாக் காடுகளே சாட்சி: மற்ற இளஞ்செடிகளையெல்லாம் மான் தின்று தீர்த்த இடங்களில், வைக்கோல் மணமுள்ள பெரணி ஒன்று மட்டும் தரை முழுவதும் படர்ந்து, புதிய மரக்கன்றுகள் எழ இடமின்றி மூடிவிடுகிறது. தோட்டத்துக்கு உதவும் அதே குணம் காட்டில் எவ்வளவு பெரிய இழப்பாகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

முள்ளை மட்டும் நம்பாதீர்கள். ரோஜாவின் முள்ளுக்கு நடுவிலிருந்து மொட்டையும் துளிரையும் மான் உதட்டால் லாவகமாகப் பறித்துக்கொள்ளும். முள்ளால் உண்மையிலேயே தப்பும் ஜப்பானிய பார்பெரியோ வேறு காரணத்தால் நடத் தகாதது. மான் தின்னாததாலேயே அது காடுகளில் புகுந்து பெருகிவிட்டது. அதன் அடர்ந்த, ஈரமான அடிநிழலில் உண்ணிகள் செழிக்கின்றன என்பது கனெக்டிகட்டில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. நியூயார்க் மாநிலம் அதன் விற்பனையை முன்பே தடை செய்தது. பென்சில்வேனியா 2021இல் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட கனெக்டிகட்டின் லைம் ஊர் நமக்குத் தொலைவிலில்லை. உண்ணியைச் சுமந்துவரும் மானை வாசலுக்கு ஈர்க்காமல் இருப்பதும் இந்தத் தேர்வின் ஒரு பயன்தான். அதற்காகவே உண்ணி சேரும் புதரை நடுவது பொருளற்றது.

பணம் அதிகம் போவது பூச்செடியில் அன்று, பக்கத்து வீட்டுப் பார்வையை மறைக்க நடும் உயிர்வேலியில். இங்குதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. எமரால்டு கிரீன் ஆர்பர்விட்டே குறுகலாக, அடர்த்தியாக, மலிவாகக் கிடைப்பதால் புதுவீட்டுக்காரர்கள் அதை வரிசையாக நடுகிறார்கள். மான் அடிக்கடி கடுமையாகச் சேதப்படுத்தும் செடிகளில் அதுவும் ஒன்று. ஓர் உறைபனிக்காலம் போதும், ஆறடி வரை பச்சை இல்லாமல் போகும். ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை இலையிழந்த பழைய கிளையிலிருந்து மறுபடி துளிர்ப்பதில்லை என்பதால் அந்த அழகு திரும்புவதே இல்லை. மாற்றாகச் சொல்லப்படும் கிரீன் ஜெயண்ட் என்னும் இன்னோர் ஆர்பர்விட்டே வகையை மான் குறைவாகவே தின்கிறது, ஆனால் அது ஐம்பது அறுபதடி உயரும் மரம். கால் ஏக்கர் மனைக்கு அது மிகப் பெரிது. பாக்ஸ்வுட் மானிடமிருந்து முழுதும் தப்பும் என்றே சொல்லலாம், ஆனால் 2011 முதல் அமெரிக்காவில் அதை ஒரு பூஞ்சை நோய் வாட்டி வருகிறது, 2021இல் அதன் இலையைத் தின்னும் அந்துப்பூச்சியும் நியூயார்க்கில் கண்டறியப்பட்டது. ஆகவே இன்று புதிதாக நீண்ட பாக்ஸ்வுட் வரிசை நட நான் துணிய மாட்டேன்.

எனக்குப் பிடித்த விடை இரண்டு. வெயிலுள்ள எல்லையில் அமெரிக்கன் ஹாலி: மெதுவாக வளரும், ஆனால் இந்த மண்ணுக்கே உரியது, குத்தும் இலை, குளிர்காலத்தில் சிவந்த பழம், அந்தப் பழத்துக்கு வரும் பறவைகள். பழம் வேண்டுமானால் பெண் செடிக்கு அருகில் ஓர் ஆண் செடியும் வேண்டும் என்பதை நர்சரியில் கேட்டு வாங்க வேண்டும். அரைநிழலில் பியரிஸ்: மார்ச், ஏப்ரலில் முத்துச்சரம்போல் வெள்ளைப் பூக்கள் தொங்கும், புதிய துளிர் செம்பு நிறத்தில் வரும், இலையில் நஞ்சிருப்பதால் மான் விலகிப்போகும். முழு வெயிலில் வைத்தால் பூச்சி தாக்கி இலை வெளுத்துவிடும். அரைநிழலில் அந்தத் தொல்லை குறைவு.

நம் வீடுகளில் எல்லாரும் ஆசைப்படும் பூக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செம்பருத்தியை மான் விரும்பித் தின்னும். அதைத் தொட்டியில் வைத்து, படியேறிப் போகும் மரத்தளத்தில் மல்லிகையோடும் கறிவேப்பிலையோடும் வைப்பதே வழி, எப்படியும் குளிருக்கு முன் உள்ளே எடுக்க வேண்டியவைதானே. செண்டுமல்லியைச் சில ஆண்டுகள் விட்டுவைத்தது, ஓராண்டு பூவை மட்டும் கொய்துகொண்டு போனது. நம்பலாம் என்று சொல்ல மாட்டேன். துளசியைத் தொட்டதே இல்லை. கோடை முழுவதும் தளராமல் பூக்க வேண்டும் என்றால் நித்தியகல்யாணிதான். ஊரில் கோயில் நந்தவனத்திலும் கல்லறையோரத்திலும் தானாக முளைக்கும் அந்தச் செடி இங்கே வின்கா என்ற பெயரில் வசந்தத்தில் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்படும் அதன் கசப்பான சாறு மானைத் தள்ளி நிறுத்துகிறது. லண்டானா எனப்படும் உண்ணிச்செடியும் அப்படித்தான். முதுமலையிலும் பந்திப்பூரிலும் புள்ளிமானின் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிக்கொண்டிருக்கும் அதே செடியை இங்கே காசு கொடுத்து வாங்குவது முதலில் எனக்கு உறுத்தியது. நியூ ஜெர்சியின் உறைபனி அதை ஆண்டுதோறும் கொன்றுவிடுவதால் இங்கே அது காட்டுக்குள் போக வழியில்லை என்று தெரிந்த பிறகே நட்டேன்.

நித்தியகல்யாணி, அரளி, எருக்கு ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது நம் ஊரில் தோட்டம் வைத்தவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும்; அமெரிக்காவின் மில்க்வீடும் ஆம்சோனியாவும் அதே குடும்பம்தான். கிள்ளினால் பால் வடியும் இந்த இரண்டையும் மான் ஒதுக்குகிறது. எருக்கைத் தின்று வளரும் வெந்தய வரியனைப் போலவே, மில்க்வீடைத் தின்று வளரும் மொனார்க் வண்ணத்துப்பூச்சியும் அந்த நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. ஆம்சோனியா மே மாதத்தில் வெளிர்நீல நட்சத்திரங்களாகப் பூத்து, அக்டோபரில் முழுச்செடியும் பொன்னிறமாகும். இதைக்கொண்டு பால் வடிவதெல்லாம் தப்பும் என்று விதி செய்துவிட வேண்டாம். லெட்டூஸிலும் பால் உண்டு, அதை மான் வேரோடு தின்னும்.

எந்தக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் நட்ட முதல் சில வாரங்கள் ஆபத்தானவை. நர்சரியில் உரமும் நீரும் ஊட்டி வளர்த்த செடியின் இலை இளசாக, சாறு நிறைந்து இருக்கும். மணமும் கசப்பும் அதில் இன்னும் முழுதாக ஏறியிருக்காது. மே, ஜூனில் பிறந்து கோடையில் மேயக் கற்றுக்கொள்ளும் குட்டிகள் எதையும் ஒருமுறை கடித்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் துப்பிவிடும், அதற்குள் செடி வேரோடு வெளியே கிடக்கும். அந்த முதல் வாரங்களில் மட்டும், முதல் நிலைச் செடியாக இருந்தாலும், விரட்டி மருந்தைத் தெளித்துவிடுங்கள். செப்டம்பர் முதல் ஆண் மான்கள் கொம்பைத் தேய்க்கும்போது எந்த மணமும் நஞ்சும் உதவாது. அப்போது அதற்கு வேண்டியது தின்பதற்கான செடி அன்று, உரசுவதற்கான தண்டு. ஆகவே கட்டைவிரல் முதல் மணிக்கட்டுப் பருமன் வரையுள்ள இளமரங்களுக்கு ஆகஸ்ட் முடிவதற்குள் கம்பிவலைக் காப்பு கட்டிவிட வேண்டும்.

தெருவைப் பார்த்த என் முன்பாத்தியில் இன்று வெயில் பக்கம் கேட்மிண்டும் மௌண்டன் மிண்ட்டும் ரஷ்யன் சேஜும், மேப்பிள் மரத்தடியில் ஹெலபோரும் பெரணியும், மூலையில் ஒரு பியரிஸும் நிற்கின்றன. படிக்கட்டின் இருபுறமும் கோடையில் நித்தியகல்யாணி. டூலிப்பை நான் முற்றிலும் விடவில்லை. பத்துக் கிழங்குகளை ஒரு தொட்டியில் நட்டு, அணில் தோண்டாதபடி மேலே கம்பிவலை போட்டு, மாடி மரத்தளத்தில் வைத்திருக்கிறேன். வரும் அக்டோபரில் ஹாலிக்கு முன்னால் இன்னும் நூறு டாஃபடில் கிழங்குகள் நடப்போகிறேன். பூ முடிந்தபின் பழுக்கும் அவற்றின் இலையைப் பின்னால் எழும் ஆம்சோனியா மறைத்துவிடும்.